படிவத்தில் இல்லாத கட்டம்

போரைப் பற்றிய இலக்கியம் உலக மொழிகளில் மிகுதியாக உண்டு. போருக்கு ஆள் அழைக்கப்படுவதைப் பற்றிய இலக்கியம் அதனிலும் குறைவு. அழைப்பதற்கு நெடுநாள் முன்னரே ஆட்களின் பெயர்களைப் பதிந்து வைத்துக்கொள்ளும் காரியத்தைப் பற்றிய இலக்கியமோ மிக அரிது. போர்க்களத்தைச் சித்திரிக்கும் நாவலாசிரியன், அக்களத்துக்கு வந்து சேர்ந்த இளைஞன் ஒருநாள் ஒரு மேசையின் முன்னே நின்று ஒரு படிவத்தில் கையொப்பமிட்டான் என்பதை ஒரு வரியிற் சொல்லிவிட்டு அப்பாற் சென்றுவிடுகிறான். பல சமயங்களில் அந்த ஒரு வரியும் இருப்பதில்லை.

இக்குறைபாடு தற்செயலானது அன்று என்பதும், இலக்கியத்தில் யதார்த்தம் என்று நாம் எதனைக் கொள்கிறோம் என்ற அடிப்படைப் பிரச்சினையோடு அது தொடர்புடையது என்பதுமே இக்கட்டுரையின் வாதம். இதனை நிலைநாட்டுவதற்கு ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய மூன்று படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். ஜோன் ஒக்காடாவின் 'நோ-நோ போய்' என்ற நாவல் (1957), டானியல் பெரிகனின் 'கேற்றன்ஸ்வில் ஒன்பதின்மரின் விசாரணை' என்ற நாடகம் (1970), ரிம் ஓபிறையனின் 'ஒன் த றெயினி றிவர்' என்ற சிறுகதை (1990) என்பனவே அவை. மூன்றும் நேர்மையான படைப்புகள். அவற்றின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயின் நேர்மையான கண்ணுக்கும் தெரியாமற் போகும் பொருள்கள் உண்டு.

இங்கு அமெரிக்காவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கட்டாய ஆட்சேர்ப்பு நடைபெறாத காலத்திலும் ஆட்பதிவை மட்டும் விடாது பேணிவந்த நாடு அது. 1973க்குப் பின் அங்கு எவரும் கட்டாயமாகப் படைக்கு அழைக்கப்படவில்லை. அழைப்பதாயின் காங்கிரஸ் சபை புதிதாக அதிகாரம் வழங்க வேண்டும். ஆயினும் 18 வயதை அடைந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் பிறந்தநாளிலிருந்து 30 நாட்களுக்குள் 'செலெக்ரிவ் சேர்விஸ்', அதாவது 'தெரிவுச் சேவை' என்னும் அரசாங்க அமைப்பிற் பெயர் பதிய வேண்டும் என்ற விதி 1980 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 26 வயது நிரம்பும்வரை பிந்திய பதிவும் ஏற்கப்படும். அதன் பின்னர் பதிய விரும்பினும் பதிய இயலாது. பதியாமல் விடுவது 5 ஆண்டுவரை சிறையும் 250,000 டொலர்வரை தண்டமும் விதிக்கத்தக்க குற்றம். பிரசைகள் மாத்திரம் இதற்கு உட்பட்டவர்கள் என்று எண்ணிவிடலாகாது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், அகதி, புகலிடம் கோரியவர், எவ்வித ஆவணமும் இல்லாது வாழ்பவர் ஆகிய யாவரும், அவ்வயதினராயின், இவ்விதிக்குட் படுவர். நமது ஊர்களிலிருந்து புலம்பெயர்ந்து அங்கு குடியேறிய குடும்பங்களின் ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். மாணவ விசாவிலோ வருகை விசாவிலோ தங்கியிருப்பவர்களே விலக்குப் பெற்றவர்கள்.

அப்படிவம் மிகச் சிறியது. பெயர், பிறந்த திகதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு இலக்கம், பால் ஆகிய விபரங்களை நிரப்பிக் கையொப்பமிட்டால் வேலை முடிந்தது. சில வாரங்களில் பதிவிலக்கத்தைத் தாங்கிய அட்டையொன்று தபாலில் வரும். அட்டை தொலைந்துபோனாலும் கவலையில்லை. குடும்பப் பெயரையும் இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கொடுத்தால், 'பதியப்பட்டவர்' என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளக் கணினி வழியிலும் தொலைபேசியிலும் வசதி செய்யப்பட்டிருக்கிறது. இத்தனை வசதிகளுக்கிடையில் ஒன்று மட்டும் கிடையாது. 'மனச்சாட்சியின் பேரில் நான் போரை மறுப்பவன்' என்று ஒருவன் குறிப்பதற்கு அப்படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. அம்மறுப்பைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அழைப்பு வந்த பின்னரே அதைச் சொல்லலாம் என்கிறது. எனவே சமாதான இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், காகிதப் படிவத்தின் ஓரத்திலே தமது மறுப்பைக் கையால் எழுதிப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுமாறு இளைஞர்களுக்கு ஆலோசனை கூறி வந்தனர். கணினித் திரையிலுள்ள படிவத்துக்கு ஓரமும் இல்லை.

இந்த இல்லாத கட்டத்தை மனத்திற் கொண்டே மேற்குறித்த மூன்று படைப்புகளையும் நாம் அணுகவேண்டும்.

2

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1863 ஆம் ஆண்டின் ஆட்சேர்ப்புச் சட்டம் 300 டொலர் செலுத்தியவனுக்கோ, தனக்குப் பதிலாள் அனுப்பியவனுக்கோ விலக்களித்தது. 'பணக்காரனின் போர், ஏழையின் சண்டை' என்ற வாசகம் மக்கள் மத்தியிற் பரவிய காலம் அது. அவ்வாண்டு ஜூலையில் நியூயோர்க் நகரத் தொழிலாளர் வீதியில் இறங்கினர். அவர்களது நியாயமான கோபம் விரைவிலேயே தம்மைவிட எளியவரான கறுப்பின மக்கள் மீதான கொலைவெறியாக மாறியது. ஆளும் வர்க்கத்தின் மீது எழுந்த சினம் திசைதிரும்பி ஒடுக்கப்பட்டவர் ஒருவரையொருவர் அழிப்பதில் முடியும் துயரத்துக்கு அது ஓர் உதாரணம்.

1917 ஆம் ஆண்டின் சட்டம் பணம் கொடுத்து விலகும் வழியை அடைத்துவிட்டு, 'தெரிவு' என்ற சொல்லை முன்வைத்தது. அவ்வாண்டு ஜூன் 5 ஆந் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிந்தனர். ஆட்சேர்ப்புக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் வெளியிட்ட சோஷலிஸ்ட் கட்சியின் சார்ள்ஸ் ஷெங்க் தண்டிக்கப்பட்டார். 1919 இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதிசெய்தது. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918 இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்காகப் பத்தாண்டுச் சிறை பெற்றார். 1920 இல் சிறையிலிருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

1940 இல், நாடு போரில் இறங்குமுன்னரே, சமாதான காலத்தின் முதலாவது ஆட்சேர்ப்புச் சட்டம் வந்தது. வியட்நாம் போர்க்காலத்தில், 1964க்கும் 1973க்கும் இடையில், பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்சட்ட வழியிற் படையிற் சேர்க்கப்பட்டனர்.

'தெரிவு' என்ற சொல்லின் உண்மைப் பொருள் அப்போதுதான் முழுமையாக வெளிப்பட்டது. பல்கலைக்கழக மாணவனுக்கு ஒத்திவைப்பு உண்டு. கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற தொழிலாளியின் மகனுக்கு இல்லை. இது கவனக் குறைவால் நேர்ந்த அநீதி அன்று. ஒத்திவைப்பு என்னும் சலுகையையும் அழைப்பு என்னும் அச்சத்தையும் கொண்டு இளைஞரை அரசு விரும்பும் தொழில்களுக்குள் நெறிப்படுத்துவது தமது நோக்கங்களுள் ஒன்று என்று அவ்வமைப்பே 1965 இல் தனது ஆவணமொன்றில் விளக்கியிருந்தது. 'வாய்க்கால்வழிப்படுத்தல்' என்று பொருள்படும் தலைப்பே அந்த ஆவணத்துக்கு இடப்பட்டிருந்தது. 1966 இல் இராணுவம் தனது தகுதி மட்டத்தைத் தாழ்த்தி, முன்னர் தள்ளப்பட்டிருந்த மூன்றரை இலட்சம் பேரளவில் உட்கொண்டது. அவ்வாறு மட்டம் தாழ்த்தப்பட்டபோது தகுதியுள்ளவர் ஆக்கப்பட்டவர்களுள் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் ஒருவர். 1964 இல் எழுத்துப் பரீட்சையில் தேறாதவர் என்று ஒதுக்கப்பட்ட அவர், இரண்டு ஆண்டுகளின் பின் போருக்கு ஏற்றவர் ஆனார். அவர் மாறவில்லை, தேவை மாறியது. 1967 ஏப்ரிலில் அவர் படையிற் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1971 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

வியட்நாமிற் போரிட்ட அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் தொழிலாள, வறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர் கிறிஸ்ரியன் அப்பி 1993 இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டிருக்கிறார். 1969 டிசெம்பரில் நடத்தப்பட்ட லொத்தர் இவ்வர்க்க உண்மையை அதிர்ஷ்டத்தின் முகமூடியால் மறைக்க முயன்றது. ஆண்டின் 366 திகதிகளும் நீலநிறக் குளிகைகளில் இடப்பட்டுக் கண்ணாடிக் கலயத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. முதலில் வந்தது செப்ரெம்பர் 14. மாணவர் ஒத்திவைப்போ, லொத்தரின் பின்னரும் சில காலம் நீடித்தது.

3

ஜோன் ஒக்காடாவின் நாவல் வெளிவந்தபோது அமெரிக்க வாசகர் அதனைப் பொருட்படுத்தவில்லை. முதற்பதிப்பின் 1,500 பிரதிகளும்கூட விற்றுத் தீரவில்லை. 1971 இல் ஆசிரியர் காலமானார். 1976 இல், ஆசிய-அமெரிக்க இளம் எழுத்தாளர்கள் சிலரின் முயற்சியால் நாவல் மறுபதிப்புக் கண்டது. காலத்தால் பிந்திய இவ்வங்கீகாரம் அந்நாவலின் குறையைக் காட்டவில்லை. அக்கால விமர்சனத்தின் குறையையே காட்டுகிறது.

நாவலின் பின்னணி இது. 1942 இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையோரத்து ஜப்பானிய வம்சாவழியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முட்கம்பி முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்கப் பிரசைகள். 1943 இல் அம்முகாம்களுக்குள் ஒரு வினாப்படிவம் கொண்டுவரப்பட்டது. இளைஞர்களுக்கு வழங்கப்பட்ட படிவம் தெரிவுச் சேவையின் இலக்கமிடப்பட்ட படிவமே ஆகும். அதன் 27 ஆவது வினா, ஆணையிடப்படும் எவ்விடத்திலும் அமெரிக்கப் படையிற் போரிடச் சம்மதமா என்று கேட்டது. 28 ஆவது வினா, அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் தெரிவித்து ஜப்பானியச் சக்கரவர்த்திக்குரிய விசுவாசத்தைத் துறக்கச் சம்மதமா என்று கேட்டது. ஒருநாளும் கொண்டிராத விசுவாசத்தை ஒருவன் எவ்வாறு துறப்பது? 'ஆம்' என்றால் முன்பு கொண்டிருந்ததாக ஒப்புக்கொள்வதாகும்; 'இல்லை' என்றால் இன்றும் கொண்டிருப்பதாக ஒப்புக்கொள்வதாகும். இரண்டு வினாக்களுக்கும் 'இல்லை' என்று விடையளித்தவர்களுக்கு வாய்த்த பெயரே நாவலின் தலைப்பு. 1944 இல் முகாமிலிருந்த இளைஞர்களுக்குப் படை அழைப்பும் வந்தது. குடும்பம் கம்பிக்குள்ளே இருக்கையில் அக்கம்பியை அமைத்த அரசுக்காகப் போரிட மறுத்தவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

நாவலின் நாயகன் இச்சிரோ முகாமில் இரண்டு ஆண்டும் சிறையில் இரண்டு ஆண்டும் கழித்துச் சியற்றில் நகருக்குத் திரும்புகிறான். கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜப்பான் தோற்றது என்பதை நம்ப மறுத்து, ஈற்றில் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் தாய். சிறு கடையொன்றை நடத்திக்கொண்டு மதுவில் ஒதுங்கும் தந்தை. தமையனின் களங்கத்தைக் கழுவுவதற்காகப் பாடசாலையை விட்டுப் படையிற் சேர ஓடும் தம்பி தாரோ. போரில் ஒரு காலை இழந்து, அப்புண் மேலேறி மேலேறிச் சாவை நெருங்கும் நண்பன் கென்ஜி. கென்ஜியும் இச்சிரோவும் ஒருவர் நிலையை மற்றவர் எடை போட்டுப் பார்க்கும் பகுதி நாவலின் சிகரம் எனலாம். 'ஆம்' என்றவனுக்கு அழுகும் கால். 'இல்லை' என்றவனுக்கு அழுகும் வாழ்வு. இரண்டு விடைகளையும் ஒரே அரசே எழுதி வைத்திருந்தது என்ற உண்மை இங்கு பாத்திரங்களின் உடல் வழியாகவே புலப்படுகிறது. இது உயர்ந்த யதார்த்தம்.

ஒக்காடா தாமே அமெரிக்க இராணுவத்திற் பணிபுரிந்தவர். 'ஆம்' என்றவர்களின் அணியைச் சேர்ந்த ஒருவர் 'இல்லை' என்றவனின் உள்ளத்துக்குள் புகுந்து எழுதினார் என்பது அவரது மனிதாபிமானத்தின் ஆழத்துக்குச் சான்று. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் படிவமும் அதை நிரப்பிய கணமும் நாவலில் நேரடிக் காட்சிகளாக விரிவதில்லை. அவற்றின் விளைவுகளே ஒவ்வொரு பக்கத்திலும் இரத்தம் கசிகின்றன. இச்சிரோ தன் மறுப்புக்கான காரணத்தைத் தேடித் தேடித் தன்னையும் தாயையும் குற்றஞ்சாட்டுகிறான். வினாவைத் தயாரித்தவனை அவன் நேர்நின்று குற்றஞ்சாட்டுவது அரிது. அக்காலத்து ஓர் ஜப்பானிய-அமெரிக்கனின் மனநிலையை இது உண்மையாகக் காட்டுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாத்திரத்தின் பார்வை எல்லையே படைப்பின் பார்வை எல்லையாகவும் ஆகிவிடுமோ என்ற கேள்வி நம் முன் எஞ்சுகிறது.

4

பெரிகனின் நாடகம் இதற்கு நேர்மாறான திசையிற் செல்கிறது. இங்கு காகிதமே நாடகத்தின் மையம். 1968 மே 17 ஆந் திகதி மேரிலாந்து மாநிலத்துக் கேற்றன்ஸ்வில் என்னும் ஊரின் ஆட்சேர்ப்பு அலுவலகத்துள் ஒன்பது கத்தோலிக்கர் புகுந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். அழைப்புக்குத் தயாராயிருந்தோரின் 378 கோவைகளை எடுத்துவந்து, வெளியே வாகனத் தரிப்பிடத்தில் தாமே தயாரித்த நேபாம் ஊற்றி எரித்தனர். பின்னர் ஓடி ஒளியாது பிரார்த்தனை செய்துகொண்டு பொலிசாருக்காகக் காத்து நின்றனர். கவிஞரும் இயேசு சபைக் குருவானவருமாகிய டானியல் பெரிகன் அவர்களுள் ஒருவர். அவரது சகோதரர் பிலிப் மற்றொருவர். அவ்வாண்டு ஒக்ரோபரில் நடந்த விசாரணையின் பதிவேட்டிலிருந்தே டானியல் பெரிகன் தமது நாடகத்தை அமைத்தார்.

நீதிமன்ற மொழியை எடுத்து, அதன் சொற்களைச் சுருக்கி, வரி பிரித்துக் கவிதையாக்கிய முறை குறிப்பிடத்தக்கது. உத்தியோக ஆவணத்தின் மொழி உயிரற்றது என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதை இந்நாடகம் காட்டுகிறது. அரசாங்கச் சட்டத்தரணி எரிந்த கோவைகளை அரச சொத்து என்கிறார். எதிரிகள் வியட்நாமில் எரிந்த குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இருசாராரும் ஒரே சம்பவத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் இரு மொழிகளும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை. நாடகத்தின் துன்பியல் இச்சந்திக்காமையில் இருக்கிறது. போருக்குச் செல்லாதவர் கையிலும் போரின் ஒரு துண்டு இருக்கிறது, அது ஓர் அலுமாரியில் அடுக்கிவைக்கப்பட்ட காகிதம் என்ற உண்மையை மேடைக்குக் கொண்டுவந்தது இந்நாடகத்தின் பெரும் சாதனை.

அதன் குறை என்ன? 378 கோவைகளுக்கும் 378 சொந்தக்காரர் இருந்தனர். அவர்கள் எத்தொழில் செய்தவர், எவ்வீதியில் வாழ்ந்தவர், தமது பெயர் எரிந்தபோது என்ன நினைத்தவர் என்பன நாடகத்தில் இல்லை. ஒன்பது பேரின் மனச்சாட்சி விரிவாகப் பேசுகிறது. எவர் பொருட்டு அது பேசுகிறதோ அவர்கள் மேடைக்கு வெளியே நிற்கின்றனர். தியாகியின் ஒளியில் சாதாரண மனிதன் மறைந்துவிடும் இக்குறை சமயச் சார்புடைய எதிர்ப்பிலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. நமது முற்போக்கு இலக்கியத்திலும் போராட்டத் தலைவனின் சொற்பொழிவு வேலைநிறுத்தஞ் செய்தவனின் அடுப்படியை மறைத்துவிட்ட கதைகள் இல்லையா? பிறரின் குறையைச் சுட்டும்போது நமது முற்றத்தையும் பார்ப்பது நல்லது.

5

ரிம் ஓபிறையனின் கதை மூன்றினுள்ளும் வாசகரை மிகவும் கவர்ந்தது. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளிற் பரவலாகக் கற்பிக்கப்படுவது. 1968 ஜூன் மாதம், கல்லூரிப் படிப்பை முடித்த ஓர் இளைஞனுக்கு அழைப்புக் கடிதம் வருகிறது. ஆசிரியரின் பெயரையே கதைசொல்லியும் தாங்கியிருக்கிறான். பன்றி இறைச்சித் தொழிற்சாலையொன்றில், கொன்று தொங்கவிடப்பட்ட விலங்குகளின் கழுத்திலிருந்து இரத்தக் கட்டிகளை நீர்த்துப்பாக்கியால் அகற்றுவது அவனது கோடைகால வேலை. குளித்தாலும் போகாத அந்நாற்றத்தோடு ஊரிற் சுற்றித் திரிகிறான். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வடக்கே, கனடா எல்லையாகிய ஆற்றங்கரைக்கு ஓடுகிறான். அங்கே விடுதி நடத்தும் எண்பத்தொரு வயதுக் கிழவர் எல்றோய் எதையும் கேட்காமல் ஆறு நாள் அவனுக்கு இடம் கொடுக்கிறார். கடைசி நாள் மீன்பிடிக்கப் போவதுபோல் அவனைப் படகில் ஏற்றிக் கனடாக் கரைக்கு மிக அண்மையிற் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவனால் குதிக்க முடியவில்லை, அழுகிறான். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் அவனைக் கட்டிப்போடுகிறது. போருக்குச் சென்றதே தன் கோழைத்தனம் என்ற முடிவுக்கு வருகிறான்.

வீரம், கோழைத்தனம் என்ற இரு சொற்களின் பொருளை இவ்வாறு தலைகீழாக்கிய துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தொழிற்சாலை இரத்தத்துக்கும் வரப்போகும் போருக்குமுள்ள உறவை எவ்வித உபதேசமுமின்றி உணர்த்தும் திறமையும் பாராட்டத்தக்கதே. அத்துடன் கதைசொல்லி தன் வர்க்க மனப்பாங்கையும் மறைக்கவில்லை. பல்கலைக்கழகப் பெருமைகளை அடுக்கி, இத்தகைய தனக்கா இப்போர் என்று அவன் பொருமுகிறான். வேறு எவரையாவது அழைக்கட்டும் என்கிறான். மேற்படிப்பு மாணவர்களுக்கான ஒத்திவைப்பு 1968 பெப்ரவரியிற் பெரும்பாலும் நீக்கப்பட்டது. அதுவரை தனக்கு நிழலளித்த கூரை பெயர்ந்த பின்னரே வெயில் அவனுக்குச் சுட்டது. கூரை இல்லாதவர்கள் அதற்கு முன் நான்கு ஆண்டுகளாக வெயிலில் நின்றார்கள் என்பதை அவன் பொருமல் தன்னையறியாமலே வெளிப்படுத்துகிறது. அவர்களுள் ஒருவனாவது கதைக்குள் வருவதில்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்த வியட்நாமிய மக்களும் அந்த ஆற்றங்கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றனர்.

இதனிலும் முக்கியமான ஒன்று உண்டு. கதை கடிதத்தோடு தொடங்குகிறது. அவன் பெயரும் முகவரியும் அக்கடிதத்தை அனுப்பியவர்களுக்கு எப்படித் தெரிந்தன? பதினெட்டு வயதில் ஒருநாள் அவனே எழுதிக் கொடுத்திருப்பான். அந்த நாளைக் கதை நினைவுகூரவில்லை. அன்று ஆறும் இல்லை, படகும் இல்லை, எல்றோய்க் கிழவரும் இல்லை, கண்ணீரும் வந்திராது. மிக எளிதாக 'இல்லை' என்று சொல்லியிருக்கக்கூடிய நாளும் அதுவே. அவ்வாறு சொல்லவேண்டும் என்பதே தோன்றியிராத நாளும் அதுவே. நெருக்கடி முற்றிய கணத்திலேயே கலைக்குப் பொருள் உண்டு என்ற பழைய நாடகக் கோட்பாடு இங்கு யதார்த்தத்தைக் குறுக்கிவிடுகிறது. மனிதனின் விதி நிர்ணயமாகும் கணம் வேறு. அதை அவன் உணரும் கணம் வேறு. முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எழுதும் இலக்கியம், விதியைத் தனிமனிதனின் நெஞ்சுரத்தின் பிரச்சினையாக ஆக்கிவிடுகிறது.

வகுப்பறையில் இக்கதை எவ்வாறு கற்பிக்கப்படும் என்பதை ஆசிரியத் தொழில் புரிவோர் எளிதில் ஊகிக்கலாம். 'கதைசொல்லி வீரனா, கோழையா? உன் கருத்தைக் காரணங்காட்டி விளக்குக.' இது பரீட்சைக்கு ஏற்ற வினா. இக்கதையைப் படிக்கும் மாணவனுக்குப் பதினாறு, பதினேழு வயது. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் ஊழியர் ஒருவரே தொண்டர் பதிவாளராக இருந்து மாணவரைத் தெரிவுச் சேவையிற் பதிவிக்கும் ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. 2002 இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டமொன்று, மத்திய அரசின் உதவி பெறும் பாடசாலைகள் மாணவரின் பெயர் முகவரிகளை இராணுவ ஆட்சேர்ப்பாளருக்குக் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. எனவே ஒரே கட்டடத்தின் ஓர் அறையில் அக்கதை இலக்கியமாகப் படிக்கப்படுகையில், இன்னோர் அறையில் அது விட்டுச்சென்ற முதற் பக்கம் எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டு அறைகளையும் இணைக்கும் கேள்வியைக் கேட்பது ஆசிரியரின் கடமை அல்லவா?

இக்கடமையைச் செய்தவர்கள் இருந்தார்கள். 1966 இல், வகுப்பில் மாணவன் பெறும் தரவரிசை அவனது ஒத்திவைப்பை நிர்ணயிக்கும் சான்றாக ஆட்சேர்ப்புச் சபைகளுக்கு அனுப்பப்பட்டது. பேராசிரியர் இடும் புள்ளி, யார் போவது யார் தங்குவது என்பதைத் தீர்மானிக்கும் ஆயுதமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துட் புகுந்து அமர்ந்து, தரவரிசையை அனுப்பாதே என்று கோரினர். ஒத்திவைப்பினால் நன்மை பெற்றவர்களே அந்நன்மையின் அநீதியை எதிர்த்து எழுந்தது கவனிக்கத்தக்கது. புள்ளியிடுவதில்லை என்று முடிவுசெய்த ஆசிரியர்களும் இருந்தனர். தமது பேனையும் இடாப்பும் எந்த இயந்திரத்தின் உறுப்புகள் என்பதை அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

6

1980 இல் ஜனாதிபதி காட்டர் பதிவை மீளக் கொணர்ந்தபோது, அதற்கு முந்திய டிசெம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்தமை காரணமாகக் காட்டப்பட்டது. இலட்சக்கணக்கானோர் பதியாது விட்டனர். வழக்குத் தொடரப்பட்டவர்களோ ஏறத்தாழ இருபது பேர். அவர்களும் தமது மறுப்பை வெளிப்படையாக அறிவித்தவர்கள். மௌனமாக மறுத்தவரை விட்டு, வாய்திறந்து மறுத்தவரையே அரசு பிடித்தது. 1986க்குப் பின் வழக்குகளும் நின்றுவிட்டன. ஆனால் சட்டம் வேறொரு கையை நீட்டியது. 1982 இல் நிறைவேறிய திருத்தத்தினால், பதியாத மாணவனுக்கு அரசின் கல்வி உதவி மறுக்கப்பட்டது. பின்னர் மத்திய அரசின் உத்தியோகமும் மறுக்கப்பட்டது. செல்வந்தனின் மகனுக்கு அரசின் கல்வி உதவி எதற்கு? தண்டனை இன்னதென்று சொல்லாமலே அது யாருக்குரியது என்பது தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 2020 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம் கல்வி உதவிக்கான அந்நிபந்தனையை நீக்கியது. அதுவரை இழந்தவர்கள் இழந்தவர்களே.

26 வயதைக் கடந்தவனின் நிலை மேலும் விசித்திரமானது. பதியவில்லை, இனிப் பதியவும் முடியாது. பிரசாவுரிமைக்கோ உத்தியோகத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, தான் தெரிந்தும் வேண்டுமென்றும் பதியாது விடவில்லை என்பதை அவனே நிரூபிக்க வேண்டும். அதற்கென ஒரு கடிதம் பெறுவதற்கு மீண்டும் ஒரு படிவம். அறியாமையை நிரூபிப்பது எப்படி? முகாமில் 28 ஆவது வினாவை எதிர்நோக்கிய இச்சிரோவின் தலைமுறையின் இக்கட்டே இங்கு வேறு உருவில் திரும்புகிறது. இதனை எழுதிய நாவல் எதுவும் என் கண்ணிற் படவில்லை.

இப்போது அதற்கும் அடுத்த கட்டம் வந்திருக்கிறது. 2025 டிசெம்பரிற் கையொப்பமான பாதுகாப்புச் சட்டம், அரசாங்கத்திடம் ஏற்கெனவே உள்ள தரவுகளைக் கொண்டு இளைஞரைத் தாமாகவே பதிந்துகொள்ளும் முறைக்கு வழிவகுத்து, ஓராண்டின் பின் அது நடைமுறைக்கு வருமெனக் குறித்தது. படிவத்தை நிரப்பும் தொல்லை இனி இல்லை என்று இதனைச் சீர்திருத்தமாகச் சொல்வார்கள். பதிய மறந்து தண்டனைக்குள்ளாகும் ஏழைக்கு இதில் ஒரு நன்மை உண்டு என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்வோம். ஆனால் கையொப்பம் இடவேண்டியிருந்தவரை, இடாமல் விடவும் ஒருவனால் முடிந்தது. ஓரத்திலாவது எழுத முடிந்தது. மறுப்பதற்குரிய பொருளே இல்லாமற் செய்துவிட்டால் மறுப்பவனும் இல்லாமற் போய்விடுவான்.

இவையாவும் தூரதேசத்துச் சங்கதிகள் என்று நாம் இருந்துவிட முடியாது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தோட்டத் தொழிலாளர் இந்நாட்டில் தமது வேரைக் காகிதங்காட்டி நிரூபிக்குமாறு கேட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இறுதிப் போர் நடந்த ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கொருவர் என்று பிள்ளைகள் பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டதையும் நாம் மறக்கலாகாது. அங்கு படிவமும் இருக்கவில்லை. எந்த அரசானாலும், எந்தக் கொடியானாலும், இளைஞரின் பெயர்ப்பட்டியல் ஒருவர் கையிற் சேரும்போது அது எதற்கு என்று கேட்கும் உரிமை தாய்தந்தையருக்கும் ஆசிரியருக்கும் உண்டு. ஒவ்வொரு நாளும் காலையில் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுகிறவர்கள் நாம். பெயர் கூப்பிடப்படும்போது பிள்ளை எவ்வளவு இயல்பாக எழுந்து பதில் சொல்கிறது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஒக்காடா படிவத்தின் விளைவை எழுதினார். பெரிகன் படிவத்தை எரித்ததை எழுதினார். ஓபிறையன் படிவத்திலிருந்து பிறந்த கடிதத்தை எழுதினார். படிவத்தை நிரப்பும் அந்த அமைதியான பிற்பகல் இன்னும் எழுதப்படவில்லை. பெரிய அநீதிகள் எப்போதும் பேரொலியோடு வருவதில்லை என்பதையும், அவை சாதாரண நாட்களில், சாதாரண மேசைகளில், நல்ல மனிதர்களின் கைகளாலேயே ஆயத்தமாகின்றன என்பதையும் காட்டுவதே யதார்த்த இலக்கியத்தின் இன்றைய பணி. எந்தப் படிவத்திலும் மறுப்புக்கு ஒரு கட்டத்தை ஆட்சியாளர் தாமாக அமைத்துத் தரப்போவதில்லை. அக்கட்டத்தை வரைய வேண்டியவர் எழுத்தாளர். அதனை மாணவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டியவர் ஆசிரியர்.